வெட்ட இடமில்லாத துணி

வூச் நகரத்தில் டிராம் ஓட்டும் போக்னா ஒன்றை முடிவு செய்துவிட்டால், டிராமையாவது தண்டவாளத்திலிருந்து இறக்கிவிடலாம், அவளை இறக்க முடியாது. முப்பத்தெட்டு வயதில் துணி அச்சு படிக்க வந்தவள். காலையில் டிராம், மதியத்துக்கு மேல் கல்லூரி. நான் ஸிட்டா, அந்தக் கல்லூரியின் அச்சு மேஜைக்குப் பொறுப்பு. எனக்கும் அவள் வயதுதான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

சென்ற ஆண்டு அவளுடைய இறுதித் துணியைப் பார்த்த பேராசிரியர் மிலெவ்ஸ்கி, "இது அடுப்படியில கை துடைக்கிற துணிம்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லி ஃபெயிலாக்கிவிட்டார். இன்னும் ஒரே வாய்ப்புதான். இதிலும் தோற்றால் மூன்று வருடப் படிப்பும் பாழ். வேறு யாராக இருந்தாலும் கோடு, வட்டம் என்று அவருக்குப் பிடித்ததை வரைந்து தப்பித்திருப்பார்கள். இவள் மறுபடியும் வெள்ளரிக்காயைத்தான் வரைந்தாள். ஆகஸ்டு மாதம் நாங்கள் உப்புநீரில் ஊறப்போடும் குட்டி வெள்ளரி, கூடவே போடும் சதகுப்பைப் பூ, பூண்டு.

"ஏண்டி, அந்த ஆளுக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சும் இதையே வரைவியா?"

"போன வருஷம் நான்தான் சரியா வரையல. அதுக்கு வெள்ளரி என்ன பாவம் பண்ணுச்சு?"

செவ்வாய்க்கிழமை ஆறு மீட்டர் துணியை மேஜையில் விரித்தோம். வலைத்துணி கட்டிய அச்சுச் சட்டத்தின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். சட்டத்தை ஒருமுறை வைத்து அச்சிடும் அளவு ஒரு கட்டம்; ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் அச்சிட்டு, காய்ந்த பிறகு விட்டதை நிரப்பினோம். மூன்று நிறமும் முடிந்ததும் துணியைச் சுவரில் தொங்கவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தோம்.

ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலெல்லாம் துணியின் குறுக்கே வெள்ளையாக ஒரு பாதை. மொத்தம் ஒன்பது. எந்தக் காயும் ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளி வரைந்திருக்கிறாள், மகராசி! ஓரத்தைத் தாண்டி ஏதாவது போனால்தான் கட்டங்கள் ஒட்டும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம்.

"பாதியா வெட்ட மனசு வரலடி."

"நல்ல மனசு! இதுல உன் டிராமையே ஓட்டலாம் போலிருக்கே."

அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தேர்வு. வேறு துணியும் இல்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்த வெள்ளைப் பாதைகளையே முறைத்துக்கொண்டிருந்தாள். சொன்னதற்காக என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கே அழுகை வந்தது.

"ஸிட்டா, ஜாடியில காய் அடுக்கினப்புறம் நடுவுல இடம் இருந்தா என்ன செய்வே?"

"கார முள்ளங்கி இலையைத் திணிப்பேன். இல்லாட்டி காய் மிதந்து கெட்டுப்போயிடுமே."

"அப்ப திணிச்சிடுவோம்."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இலை வரைந்தாள். அகலமான, சுருண்ட இலைகள், ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி. கரும்பச்சைக்குப் புதுச் சட்டம் தயாரானது. வியாழக்கிழமை சட்டத்தை அரைக் கட்டம் தள்ளி வைத்து, ஒவ்வொரு வெள்ளைப் பாதையின் மேலும் இலைகளை அச்சிட்டோம். ஒரு சொட்டுச் சாயம் தவறினாலும் எல்லாம் போச்சு. நான் ஒவ்வொரு தடவையும் அளவை இரண்டு முறை சரிபார்த்தேன். அவள் ஒரே பார்வையில் சட்டத்தை இறக்கினாள்.

வெள்ளிக்கிழமை மிலெவ்ஸ்கி துணியின் முன்னால் நின்றார். கிட்டே போனார், தள்ளி வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கிட்டே போனார்.

"கட்டம் எங்கம்மா முடியுது?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்."

துணியில் விரலை ஓட்டித் தேடிக்கொண்டே மறுமுனை வரை போய்த் திரும்பினார். தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பிடரியைச் சொறிந்துகொண்டே, "ஒரு அரை மீட்டர் வெட்டித் தர முடியுமா? வீட்ல அடுப்படியில மாட்டலாம்னு..." என்று இழுத்தார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். போக்னா துணியை இறக்கி, நிதானமாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மன்னிக்கணும் சார். செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தா ஒம்போது இடத்துல வெட்டியிருக்கலாம். இப்ப எங்க கத்தரியை வெச்சாலும் ஏதாவது ஒண்ணு பாதியாயிடும்."