விட்டுராதே

ஆல்பின் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வருவதற்கு முன்பே அவன் வகையறாவை எனக்குத் தெரியும். பாட்டனார் பழங்காநத்தத்தில் தையல் கடை வைத்திருந்தவர். மீன் குழம்பு வைத்தால் தலைத்துண்டைப் பெண்டாட்டி தட்டில் வைத்த பிறகுதான் தன் சோற்றில் கை வைப்பார். அவர் மகன் மைக்கேல்ராஜ், மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க், அவரும் அப்படித்தான். அந்த வம்சத்தில் இப்படி ஒன்று வந்து பிறக்கும் என்று யார் கண்டது?

என் தம்பி மகள் ஆனிமேரியை அவனுக்குக் கொடுத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. கம்பெனி உத்தியோகம். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் ஏதாவது ஒரு கிறுக்குப் பிடித்துக்கொள்ளும். முதலில் புறா வளர்த்தான். மாடியில் எச்சம் கழுவியவள் ஆனிமேரி. அப்புறம் சைக்கிள். இப்போது கயாக். ஆள் நீளத்துக்கும் மேலான மஞ்சள் பிளாஸ்டிக் ஓடம் அது. அதில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக் கண்மாய்க்குள் போவான். தூண்டிலில் ரப்பர் தவளையை மாட்டி விரால் பிடிப்பான். பிடித்த மீனோடு படம் எடுத்து நெட்டில் போடுவான்; மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். தின்னாத மீனின் வாயை எதற்குக் கிழிக்க வேண்டும்? கேட்டால், "அது ஒரு ஸ்போர்ட்ஸ் மாமா" என்பான்.

இந்த ஆடியில் ஆனிமேரிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். புண் லேசில் ஆறவில்லை, சோறும் இறங்கவில்லை. விரால் குழம்பு கொடுத்தால் ஆறும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அவளே வாய்விட்டுக் கேட்டாள். அவனிடம் அவள் இது வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சோழவந்தான் பக்கம் கண்மாய் குத்தகை எடுத்திருக்கும் காசிமாயன் இரண்டு விரால் தருவதாகச் சொன்னான். ஆல்பின் மறித்துவிட்டான்.

"வேணாம்ணே. எம் பொண்டாட்டிக்கு நானே பிடிச்சிட்டு வாரேன்."

"இந்தக் காத்துலயா? ஒன் குளிக்கிற தொட்டியத் தூக்கிக் கருவேலமுள்ளுல சொருகிரும் தம்பி" என்றான் காசிமாயன்.

சனிக்கிழமை காலையில் போனோம். நானும் காசிமாயனும் மேலக்கரையில் நின்றோம். காற்று எங்கள் முதுகில் அறைந்தது. எவனோ கொட்டிவிட்டுப் போன கோழிக்கழிவு மூட்டை காலடியில் நாறியது. ஆல்பின் ஒரு தடவை தூண்டில் வீசினால் ஓடம் இரண்டு சுற்றுச் சுற்றியது. அந்தக் கோலத்திலும் தொப்பியில் கேமராவை மாட்டியிருந்தான்.

திடீரென்று தண்ணீர் வெடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. முழங்கை நீள விரால்! இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான்.

"பரவால்லண்ணே, பய பிடிச்சிட்டான்" என்றான் காசிமாயன். எனக்குக்கூட மனசு இளகிவிட்டது.

ஆல்பின் மீனை முகத்துக்கு நேரே வைத்து ஒரு முத்தம் கொடுத்தான். த்தூ! அந்த வழவழப்பு அவன் மீசையில் ஒட்டியிருக்கும். பிறகு குனிந்து அதைத் தண்ணீருக்குள் இறக்கினான்.

"விட்டுராதே மாப்ள! விட்டுராதே! ஆனிமேரிக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கையை ஆட்டிய காசிமாயனின் தோள் துண்டு பிய்த்துக்கொண்டு ஆல்பின் பக்கமாகவே பறந்து போய் விழுந்தது. அவன் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். மீன் போய்விட்டது.

அடுத்த காற்றில் ஓடம் எதிர்க்கரை முள்ளில் சொருகிக்கொண்டது. காசிமாயன் லாரி டியூபில் மிதந்து போய் இழுத்து வந்தான். கரையேறிய ஆல்பின் என்ன சொன்னான் தெரியுமா?

"நீங்கதான மாமா 'விட்டுரு'ன்னு கத்துனீங்க? காத்துல கடைசி எழுத்தெல்லாம் சரியாக் கேக்கல."

அதே பொய்யை வீட்டுக்கு வந்து ஆனிமேரியிடமும் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். "எம்புட்டுப் பெருசுன்னு பாரு" என்று தொப்பிக் கேமராவில் எடுத்த படத்தைப் போட்டுப் போனை வேறு நீட்டினான்.

படத்தில் காற்று இரைந்தது. அதற்கு மேலாக என் குரல், ஓர் எழுத்துக் குறையாமல்: "விட்டுராதே மாப்ள! விட்டுராதே! ஆனிமேரிக்கு!" அடுத்து அவன் குரல், சிரிப்போடு: "பெருசு கத்துது பாருங்க நண்பர்களே. நம்ம பாலிசி என்ன? பிடிப்போம், விடுவோம்!"

ஆல்பின் பதறிப் போனை அணைத்தான். ஆனிமேரி வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கட்டிலிலிருந்து எழுந்தாள். அவன் ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"விட்டுருங்க" என்றாள். "இதாவது கேக்குதா?"