இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் வைத்த கூட்டங்கள்

ஆண்டவருடைய பிள்ளைகளுக்கு என் அன்பு. இந்தச் சாட்சியை நான் ஏழு வருடம் வாய்திறந்து முழுதாகச் சொன்னதில்லை. பாதியைச் சொல்லுவேன், பாதியை விழுங்கிவிடுவேன். விழுங்கிய பாதியில்தான் என் வெட்கம் இருக்கிறது. இன்றைக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.

1991ஆம் வருடம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடு வெள்ளானூரில். அப்போது அங்கே புதிதாக மனை பிரித்திருந்தார்கள். எங்கள் தெருவில் மூன்றே வீடுகள். மற்ற இரண்டு வீட்டிலும் காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். போன் கிடையாது. ஆட்டோ வேண்டுமென்றால் மெயின் ரோடு வரை நடக்க வேண்டும்.

என் மனைவி சுகந்திக்கு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போயின. முதலாவது நான்காம் மாதம். இரண்டாவது ஆறாம் மாதம். அந்த வருடம் மூன்றாவது முறை உண்டானாள். டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "படுத்தே இருக்கணும். வலி வந்தா உடனே தையலைப் பிரிக்கணும். லேட் ஆனா குழந்தைக்கு மட்டுமில்ல, உங்க மனைவிக்கும் ஆபத்து." சுகந்திக்கு அம்மா இல்லை. என் அம்மா அண்ணன் வீட்டில் படுத்த படுக்கை. வந்து கூட இருக்க ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லை என்று சொல்வது பொய். ஒரு சபையே இருந்தது. நான்தான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது குழந்தை உண்டானபோது சபை முழுக்கத் தெரியும். ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள், புளிசாதம் கொண்டுவந்தார்கள், வயிற்றைத் தொட்டு ஜெபித்தார்கள். அடுத்த மாதமே போய்விட்டது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று என் மனதில் விழுந்தது. பிரசங்க பீடத்தில் நின்று வேதம் வாசிக்கிறவன் நான். உள்ளுக்குள் கண்ணேறுக்குப் பயந்தேன். "குழந்தை பிறக்கிற வரைக்கும் ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது" என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். கோவிலில் கேட்டவர்களிடம் அவளுக்கு முதுகுவலி என்றேன். ஆவடி நர்ஸிங் ஹோமில் எங்கள் பாடகர் குழு மெர்சி நர்ஸாக இருந்தாள் என்பதற்காகவே அம்பத்தூர் டாக்டரைத் தேடிப் போனேன். அவ்வளவு உஷார்.

முதல் ஷிஃப்ட் வாரம் பரவாயில்லை. மதியம் இரண்டு மணிக்கு முடியும், மூன்றரைக்கு வீட்டில் இருப்பேன். இரண்டாம் ஷிஃப்ட் வாரம்தான் நரகம். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி, ஆவடி ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுவிட்டு ரயிலேறினால் ராத்திரிதான் திரும்புவேன். அதுவரை அவள் தனி. கம்பெனி கேட்டில் கார்டு போடுவதற்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஒரு நிமிடம் நிற்பேன். "ஆண்டவரே, என் வீட்டில் யாருமில்லை. யாரையாவது அனுப்பும்." தினமும் இதே ஜெபம். யார் வருவார்கள், எப்படி வருவார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இப்போது காலண்டர் விஷயத்துக்கு வருகிறேன். நான் வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர். எங்கள் சபையில் ஜூலை மாதம் உட்கார்ந்து வருடக் கடைசி வரைக்கும் நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவோம். அறுப்பின் பண்டிகை, அதற்கான பாட்டுப் பயிற்சி, வீட்டுக் கூட்டங்கள், அட்வெந்து, கேரல், கிறிஸ்மஸ் நாடகம். எல்லாவற்றையும் ஒரு சார்ட் பேப்பரில் நான் பென்சிலால் எழுதிக் கொண்டுபோவேன். கமிட்டி பார்த்து ஒத்துக்கொண்டால் சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லோருக்கும் கொடுப்போம். நான் சாயங்காலம் வர வசதியாக முக்கியமானதை எல்லாம் என் முதல் ஷிஃப்ட் வாரங்களில் வைப்பேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த ஜூலையில் சொன்னார்கள். இணைச் செயலாளர் தேவா, ஆவடி ஸ்டேஷன் ரோட்டில் போட்டோவுக்குக் கண்ணாடி சட்டம் போடும் கடையில் இருந்தவன், ரப்பரை எடுத்து என் கண்ணெதிரே அழிக்க ஆரம்பித்தான்.

"இன்னாடா பண்றே?" என்றேன்.

"கொஞ்சம் மாத்தி வெச்சுக்கலாம்ணே. பசங்களுக்கு அந்த வாரம்தான் தோதுப்படுது."

"எந்தப் பசங்களுக்கு?"

"எல்லாருக்குந்தாண்ணே" என்று சொல்லிவிட்டு மெர்சியைப் பார்த்தான். மெர்சி போதகரம்மாவைப் பார்த்தாள். போதகரம்மா ஜன்னலைப் பார்த்தார்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. வீட்டுக்கு வந்து என் ஷிஃப்ட் அட்டவணையைக் காலண்டர் மேல் வைத்துப் பார்த்தேன். என் இரண்டாம் ஷிஃப்ட் வாரங்கள் அத்தனையும் நிரம்பி வழிந்தன. திங்கள் பெண்கள் ஜெபம், செவ்வாய் பாட்டுப் பயிற்சி, புதன் வேதபாடம், வியாழன் வீட்டுக் கூட்டம், வெள்ளி நாடக ஒத்திகை. முதல் ஷிஃப்ட் வாரங்கள் வெறும் வெள்ளைக் காகிதம். ஒன்று இரண்டு பொருந்தினால் தற்செயல் என்று விடலாம். இது அப்படியே அச்சில் வார்த்தது. அதோடு அத்தனை கூட்டமும் வெள்ளானூரில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு விசுவாசி வீட்டில். செயலாளர் வீடு அங்கேயே இருக்கும்போது ஏன் அந்த வீடு?

என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஜனவரியில் தேர்தல். நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று சபைக்குக் காட்டிவிட்டு தேவா செயலாளராகிவிடுவான்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மெர்சி தவறாமல் வந்து, "அண்ணா, இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?" என்று கேட்பாள். எதற்குக் கேட்கிறாய் என்றால், "சும்மாதாண்ணா" என்பாள். வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் காலையில் அடுக்களையில் பார்த்தால் நான்கு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. இரண்டு பேர் வீட்டில் ஏன் நான்கு டம்ளர்? சுகந்தி தலையில் கனகாம்பரம். எழுந்து நடக்கக்கூடாதவளுக்குப் பூ எங்கிருந்து வந்தது?

"பக்கத்து வீட்டம்மா குடுத்தாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இவளுமா என்று நினைத்தேன். எட்டு மாதம் சுமந்துகொண்டு படுத்திருக்கிறவளை அப்படி நினைத்தேன். வேப்பமரத்தடி ஜெபத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "ஆண்டவரே, எனக்கு விரோதமாக நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்."

நவம்பர் மாதம் பொறி வைத்தேன். அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை மெர்சி வழக்கம்போல் கேட்டபோது, "வேறொருத்தனோட மாத்திக்கிட்டேன், இந்த வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட்" என்று சொன்னேன். கோவில் வாசலில், கையில் வேதப் புத்தகத்தோடு, கூசாமல் சொன்னேன். சுகந்தியிடமும் இதைச் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் தேவா வந்தான். "அண்ணே, இந்த வாரக் கூட்டமெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டோம். கேரலுக்குப் பாட்டு இன்னும் வரல" என்றான்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த ஞாயிறு கமிட்டியில் எல்லோர் முன்பாகவும் கேட்கப்போகிறேன் என்று வசனம் ஒத்திகை பார்த்தபடியே திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போனேன். அந்த இரண்டு நாளும் சுகந்தியின் முகம் வாடியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமையும் மரத்தடியில் நின்று, "யாரையாவது அனுப்பும்" என்று ஜெபித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஐந்தரை மணி இருக்கும். சூப்பர்வைசர் வந்து, "உனுக்கு போன் வந்துகீது. தேவான்னு யாரோ. அர்ஜென்டாம்" என்றார். எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? இவனுக்கு நான் இந்நேரம் இங்கே இருப்பது எப்படித் தெரிந்தது?

"அண்ணே, அண்ணிய ஆவடி நர்ஸிங் ஹோமுக்கு இட்டாந்துட்டோம். வலி எடுத்துக்கிச்சு. சீக்கிரம் கெளம்பி வாண்ணே."

நான் கேட்டேன்: "நீ எதுக்கு என் வீட்டுக்குப் போனே?"

சகோதர சகோதரிகளே, நான் இத்தனை வருடம் விழுங்கிய வார்த்தை இதுதான். அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நீ எதுக்கு என் வீட்டுக்குப் போனே என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்ணே. நீ வா" என்றான்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் ஏறி ஆவடி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணிக்கு வலி என்று அவன் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. இந்த வாரம் அவளை ஒருவரும் எட்டிப் பார்க்காமல் செய்தது நான்தான் என்பது அப்போதுகூட எனக்குத் தெரியாது.

நர்ஸிங் ஹோம் வாசலில் தேவாவின் கண்ணாடிக் கடை டெம்போ நின்றது. கண்ணாடி உடையாமல் இருக்கப் போடும் வைக்கோலைப் பின்னால் பரப்பி, அதன் மேல் எங்கள் வீட்டுப் பாயை விரித்திருந்தார்கள். பாயில் ரத்தம். தேவா வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "தையலைப் பிரிச்சுட்டாங்கண்ணே. சரியான நேரத்துக்கு வந்துட்டோம்னு டாக்டரு சொன்னாரு. உள்ள மெர்சி கீது. பயப்படாதே."

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஜூலை மாதமே சுகந்தி போதகரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தபால்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, அவரிடம் சொன்னால் விடமாட்டார், கோபப்படுவார், யாராவது என்னோடு இருங்கள் என்று. சும்மா ஆட்கள் வந்து போனால் எனக்குத் தெரிந்துவிடும். அதனால் என் இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களாகப் பார்த்து அத்தனை கூட்டத்தையும் வெள்ளானூரில் போட்டார்கள். மதியத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் என் வீட்டுக்கு வந்து அவளோடு இருந்துவிட்டு, நான் வரும் நேரத்துக்கு முன்னால் கிளம்பியிருக்கிறார்கள். நான்கு டம்ளர் அதனால்தான். அந்தக் கனகாம்பரம் மெர்சி கட்டியது.

"அப்போ இன்னைக்கு?" என்றேன்.

"இன்னைக்கு யாரும் வர்றதா இல்லண்ணே. நீ ஊட்ல இருப்பேன்னு நெனச்சோம்" என்றான். "நாலு மணிக்கு டீ குடிக்கப் போனேன். ஸ்டேஷன் ஸ்டாண்டுல உன் சைக்கிள் நிக்குது. மொத ஷிஃப்டுன்னா மூணு மணிக்கே எடுத்துகினு போயிருப்பியே. இன்னாடா இதுன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அண்ணி தனியா கீதேன்னு டெம்போவ எடுத்துகினு, மெர்சியையும் ஏத்திகினு வந்தேன். அண்ணி கதவாண்ட தரையில உக்காந்துகினு இருந்துச்சு. எழுந்திரிக்க முடியல."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை. நான் அந்தச் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டேன். தினமும் யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன். ஜூலையிலிருந்தே அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வந்தவர்களை நான் வேவு பார்த்தேன். கடைசியில் பொய் சொல்லி அவர்களை வரவிடாமல் நிறுத்தினேன். அப்போதும் அவர் என்னை விட்டுவிடவில்லை. டீ குடிக்கப் போனவனுடைய கண்ணை என் சைக்கிள் பக்கம் திருப்பினார்.

ஏழு மணிக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஆனால் அழுதாள். சுகந்தியைப் பார்க்க விட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "அவங்களத் திட்டாதீங்க. நான்தான் கூப்பிட்டேன்" என்றாள். பிரசவித்துப் படுத்திருக்கிறவள் முதலில் பயந்தது எனக்கு. அதற்கு மேல் எனக்கு என்ன தண்டனை வேண்டும்?

டிசம்பரில் வந்த அட்வெந்து முதல் ஞாயிறு, சபைக்கு முன்னால் நின்று நான் சொன்ன பொய்யை அறிக்கை செய்தேன். செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. தேவா மட்டும் எழுந்து, "அண்ணனே இருக்கட்டும். ஷிஃப்ட்ட மட்டும் இனிமே கரெக்டா சொல்லச் சொல்லுங்க" என்றான். சபையே சிரித்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

என் சுபாவம் அன்றோடு மாறிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். இன்றைக்கும் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினால் உள்ளே சுருக்கென்கிறது. ஆனால் இப்போது மனதில் வைத்துக் கணக்குப் போடுவதில்லை. நேராகப் போய் என்ன என்று கேட்டுவிடுகிறேன். கண்ணேறு பயம் போய்விட்டது. எங்கள் காலண்டரும் மாறிவிட்டது. ஜூலையில் உட்கார்ந்தால் முதலில் பண்டிகைகளை எழுதுவதில்லை. யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், எந்த வாரம், எந்த நேரம் என்று கேட்டு எழுதுகிறோம். அதைச் சுற்றித்தான் பாட்டுப் பயிற்சியும் கேரலும். போன வருடம் கரையான்சாவடியில் ஒரு அம்மா கண் ஆபரேஷன் முடிந்து தனியாக இருந்தார். கிறிஸ்மஸ் நாடக ஒத்திகை முழுவதும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. நடித்த பிள்ளைகளைவிட அவருக்குத்தான் வசனம் நன்றாக மனப்பாடம்.

இதைக் கேட்கிற உங்களில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து உதவி கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஆண்டவர் கேட்கிறார். நம்புங்கள். உங்கள் கஷ்டத்தைச் சபையில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். யாராவது உங்களுக்குப் பின்னால் ஏதோ செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், ஒருவேளை அது உண்மையாகவே இருக்கலாம். என் விஷயத்தில் உண்மைதான். நான்கு மாதம் எனக்குத் தெரியாமல் கூடினார்கள், பேசி வைத்தார்கள், என்னிடம் மறைத்தார்கள். அதனால்தான் என் மனைவியும் மகளும் இன்று உங்கள் நடுவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.