ஃப்ரீசரில் வைத்த இன்சுலின்

ஐஸ் ஃபேக்டரியில் வருஷக்கணக்காக ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவருக்கு ஐஸ்காரர் என்று பெயர் நிலைத்துப்போனதில் அதிசயமில்லை. குளிரில் கெட்டுப்போன பொருள் என்று ஒன்றை அவர் பார்த்ததே கிடையாது. வெயிலில் சற்று நேரம் கிடந்தாலே நாறுகிற மீன், அவருடைய ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நாள்கணக்கில் முழித்துக்கொண்டு கிடக்கும். ஆகவே, மனைவிக்கு இன்சுலின் எழுதிக்கொடுத்த டாக்டர் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னபோது, இவர் ஒரு படி மேலே போய் ஃப்ரீசரில் வைத்தார். தினமும் காலையில் வேலை முடிந்து வந்ததும் பாட்டிலை வெந்நீரில் போட்டு இளக்கி, ஊசியையும் அவரே போட்டுவிடுவார். பொறுப்பான மனிதர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. மனைவி துரும்பாக இளைத்தார். குதிகாலில் பட்ட சின்னக் காயம் ஆறவே மாட்டேன் என்றது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் ஐஸ்காரர். மருந்தைத் தாம் பத்திரமாக வைத்திருக்கும்போது தப்பு வேறெங்கே இருக்கும்?

"நான் வேலைக்குப் போனதும் நீ எதையோ திங்கிற."

"சத்தியமா இல்லைங்க."

"அப்போ சர்க்கரை என்ன வானத்துலேருந்தா குதிக்குது?"

சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போனது, சாவி அவர் சட்டைப்பைக்குள் போனது. மனைவி குடித்துவைத்த டம்ளரை எடுத்து மோந்துகூடப் பார்த்தார். அது அசிங்கமான வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை.

காயம் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டுப் போட்ட நர்ஸ், "இப்படியே விட்டா பாதம் தப்பாதும்மா. மருந்தை எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

ஐஸ்காரர் முந்திக்கொண்டார். "ஃப்ரீசர்லதான். கல்லு மாதிரி இருக்கும்."

"ஐயோ! உறைஞ்சா அதோட வீரியம் போச்சுங்க. இளக்கினாலும் திரும்பி வராது. இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசை ஃப்ரிட்ஜ் நடுத்தட்டுல வைங்க. ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீங்க."

வழியிலேயே புது மருந்து வாங்கிக்கொண்டு வீடு வந்தார்கள். புது பாட்டிலை நடுத்தட்டில் வைத்துவிட்டு ஐஸ்காரர் திரும்பினார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நாலு வார்த்தை திட்டிடேன்."

"திட்ட என்னங்க இருக்கு? நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எந்திரிச்சு எதையாவது தின்னுட்டு மறந்துடறேனோன்னு, நீங்க வேலைக்குப் போனதும் கையைக் கட்டில் காலோட கட்டிக்கிட்டுத்தான் படுத்தேன்."