கத்தி எங்கே இருந்தது

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு மதுரைக் கோர்ட்டில் ஆயுள் தண்டனை கொடுத்தபோது என் மகனுக்குப் பல்கூட முளைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிக் கொன்ற வழக்கு. சண்டை எதற்கு என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மழைத் தண்ணீர் எங்கள் வாசலுக்குள் வரும்படி அவர்கள் வாய்க்காலில் ஒரு கல்லைப் போட்டார்கள். அந்தக் கல்லுக்காக ஓர் ஆள் செத்து, ஓர் ஆள் ஜெயிலுக்குப் போனார். செத்தவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

மெட்ராஸ் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டோம். அதற்கு அலைந்ததெல்லாம் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த என் அண்ணன்தான். வக்கீல் பிடித்த பிடி ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரர் மாதிரி, குரங்கணிக்கு மேலே ஏலக்காட்டில் களை வெட்டுகிறவன் இடுப்பில் கத்தி இல்லாமல் மலை இறங்கமாட்டான். வீட்டுக்குள் நுழையும் முன்பே தெருவில் சண்டை. இடுப்பில் இருந்தது ஆத்திரத்தில் கைக்கு வந்துவிட்டது. கொல்ல நினைத்து எடுத்ததல்ல. ஆனால் செத்தவரின் மனைவி, என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தார் என்று சாட்சி சொல்லியிருந்தாள். மதுரையில் அதை நம்பினார்கள். மெட்ராஸிலும் நம்பினால் ஆயுள் ஆயுள்தான்.

அவள் சொன்னது நிஜம். அன்றைக்கு அவர் மலையிலிருந்து வந்து, கத்தியை அடுப்படிச் சுவரில் மாட்டிவிட்டு, கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு எச்சில் கையோடு எழுந்து போனார். வாய்ச்சண்டை முற்றியதும் உள்ளே வந்து கத்தியை எடுத்தார். நான் மறித்தேன், தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

என்னை எந்தக் கோர்ட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இடுப்பில் இருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன். யோக்கியம் பேசிக்கொண்டு புருஷனை ஜெயிலில் சாகவிட யாரால் முடியும்? கத்தி எங்கே இருந்தது என்று அண்ணன் ஒருமுறை கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் ஆத்தா. நானும் கேக்கல," என்றார்.

அப்பீல் இழுத்துக்கொண்டே போனது. ஜெயிலுக்குப் பார்க்கப் போனால், வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கேஸ் எப்போது வரும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கமாட்டார். பிள்ளை நடக்கிறான் என்று சொன்னேன், காதில் ஏறவில்லை. திரும்பி வந்தால் தெருக்குழாய். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். செத்தவரின் மனைவி குடம் நிறையும்வரை நான் தள்ளி நிற்பேன், என் குடம் நிறையும்வரை அவள். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. மெட்ராஸுக்கு அவளைக் கூப்பிட்டுத் திரும்பக் கேட்பார்களோ என்றுதான் எனக்குப் பயம்.

ஒருநாள் காலையில் மெட்ராஸிலிருந்து வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"கொலைங்கிறத எடுத்துட்டாக. ஆத்திரத்துல நடந்ததாம். கொஞ்ச வருசந்தான், மாப்ள வந்துருவாரு."

பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு அண்ணன் குரலைத் தாழ்த்தி, அந்தப் பெண் சொன்னதை நம்ப முடியாது என்று தீர்ப்பில் எழுதியிருப்பதாகச் சொன்னார். சர்க்கார் டெல்லிக்கு அப்பீல் போனாலும் போகும், எங்கேயும் வாயைத் திறக்காதே என்றார்.

மறுநாள் குழாயடியில் அவள் குடம் நிறைந்தும் எடுக்காமல் நின்றாள்.

"நான் பொய் சொன்னேன்னு எழுதிட்டாகளாம். எம் புள்ளைகளே 'நீ சரியாப் பாக்கலையாம்மா'ங்குதுக. எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு. அவரு உள்ள போனாரா, இல்லையா?"

நான் நிஜத்தைச் சொல்லி, இவள் அதைப் போய்ச் சர்க்கார் வக்கீலிடம் சொன்னால் எல்லாம் போச்சு என்று தெரியும். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"உள்ள போனாருக்கா," என்றேன்.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு காக்கிச்சட்டை தெருவில் திரும்பினாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் விடுதலையாகி, பையோடு தெருவில் வந்தபோது அவள் வாசலில்தான் இருந்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.