பின்சீட்டு அக்கா

எங்க கடையில அவங்களுக்கு நாங்க வெச்ச பேரு பின்சீட்டு அக்கா. நேர்ல வெறும் அக்காதான். ரத்தம் எடுத்துப் பரிசோதனை பண்ற லேப்ல வேலை. கல்யாணம் ஆகல, வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு, ஒரு மாடி போர்ஷன்ல தனியா இருக்காங்க. நான் பழைய கார் வாங்கி விக்கிற கடையில சேல்ஸ் பாக்குறவ. பல கம்பெனியோட சின்ன வண்டிங்க எங்ககிட்ட வரிசையா நிக்கும். தினம் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுறதுக்குன்னு ஜனங்க தேடி வர்ற குட்டிக் கார்கள். பெரிய வண்டி வேணும்னா நாலு கடை தள்ளிப் போங்கன்னு சொல்லி அனுப்பிடுவோம்.

முதல்ல அவங்க வந்தது தங்கச்சிக்குக் கார் பாக்க. தங்கச்சி புருஷன் ஓட்டினாரு, தங்கச்சி பக்கத்துல, அக்காவும் நானும் பின்னாடி. மூணு வண்டி ஓட்டிப் பாத்தாங்க. இறங்கினதும் அந்த மனுஷன் மைலேஜ் எவ்வளவு, கலர் வேற இருக்கான்னு ஆரம்பிச்சாரு. அக்கா தங்கச்சிகிட்ட நிதானமா சொன்னாங்க:

"வெள்ளை வண்டி வேணாம், முட்டி முன்சீட்டுல இடிக்குது. நீல வண்டியில கால் நீட்டலாம், ஆனா ஜன்னல் மேலே ஏறிப்போய் இருக்கு, கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி பசங்களுக்கு வாந்தி வரும். அந்த உசரமான சாம்பல் வண்டி ஸ்பீட் பிரேக்கர்ல கொஞ்சம் தூக்கிப் போடுது. ஆனா குனியாம ஏறலாம், உன் மாமியார் இடுப்புக்கு அதான் சரி."

சாம்பல் வண்டிதான் போச்சு. மாமியாரே மெச்சிக்கிட்டாங்களாம். ஒரு மாமியார் மெச்சின பொருளுக்கு விளம்பரமா வேணும்? அதுக்கப்புறம் அக்காவோட லேப் டாக்டர், வீட்டு ஓனர், புதுசாக் கல்யாணம் ஆன கூட வேலை செய்யுற பொண்ணு, அவளோட அண்ணன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அக்காவைக் கூட்டிட்டு வந்தாங்க. அக்காவும் லீவு போட்டுட்டு வருவாங்க. எப்பவும் இடம் பின்சீட்டுதான். யாரும் முன்னாடி உக்காருங்கன்னு சொன்னதில்ல, அவங்களும் கேட்டதில்ல.

வண்டி எடுக்குற அன்னிக்குத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். குடும்பம் மொத்தமும் ஏறிக்கும். "இடம் இல்லக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க பஸ்ல..." அப்படின்னு இழுப்பாங்க. "ஐயோ, போயிட்டு வாங்க!"ன்னு கையாட்டிட்டு அக்கா எதிர்ல இருக்குற பஸ் ஸ்டாப்புக்குப் போயிடுவாங்க. எங்க மெக்கானிக் அண்ணன் கண்ணாடி வழியாப் பாத்துட்டு, "பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை"ன்னு சிரிப்பாரு. எனக்கு சிரிப்பு வராது. ஏறினதும் ஏணியை எட்டி உதைக்கிற கூட்டம்! ஆனா அவங்க பணத்துலதான் எனக்குக் கமிஷன் வருது, வாயை மூடிக்கிட்டு இருப்பேன்.

இந்த வருஷம் ஒருநாள் அக்கா தனியா வந்து நின்னாங்க.

"இன்னிக்கு யாருக்குக்கா?"

"எனக்குத்தான்மா." கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, குழந்தை மார்க்கு ஷீட்டைக் காட்டுற மாதிரி காட்டினாங்க. டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டாங்களாம், யார்கிட்டயும் மூச்சு விடலையாம்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாவியை எடுத்துட்டு வந்தா, அக்கா பழக்க தோஷத்துல பின்கதவைத் திறந்து ஏறி உக்காந்திருக்காங்க. "அக்கா, ஓட்டப்போறது நீங்க!" மெக்கானிக் அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அட, கால் தானா இங்க வருது"ன்னு அவங்களும் சிரிச்சாங்க.

கடையில அன்னிக்கு ஒரு சிவப்புக் குட்டி இருந்துச்சு. கிளட்ச் பஞ்சு மாதிரி. அவங்க சந்துல திருப்ப, நிறுத்த ஒரு கஷ்டமும் இல்ல, பெட்ரோலும் கொஞ்சமாத்தான் குடிக்கும். பின்சீட்டு மட்டும் பேருக்குத்தான், ஆள் உக்காந்தா முட்டி தாடையில வந்து நிக்கும். பக்கத்துல ஒரு பழுப்பு வண்டி. பின்னாடி தாராளமான இடம், பெரிய ஜன்னல், ஆனா கிளட்ச் கல்லு. ஓட்டிட்டு இறங்கும்போதே அக்கா இடது முட்டியைத் தடவினாங்க.

நான் வியாபாரத்தை மறந்து உள்ளதைச் சொன்னேன். பழுப்பு வண்டிக்குத்தான் விலை கூட. "சிவப்பை எடுங்கக்கா. தனி ஆளுக்கு இது போதும்."

அவங்க முகம் சுருங்கிப் போச்சு. "தனி ஆளுன்னு யாரும்மா சொன்னா? ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகப்போறேன். பஸ்ல வாங்கன்னா யாரு வருவா? வண்டி இருந்தா வருவாங்க."

என்னைப் பின்னாடி உக்கார வெச்சு பழுப்பு வண்டியை மறுபடி ஓட்டினாங்க. "முட்டி இடிக்குதா? ஏசி காத்து வருதா? பள்ளத்துல தூக்கிப் போடுச்சா?" இத்தனை வருஷம் அவங்க பதில் சொன்ன கேள்வி எல்லாத்தையும் என்னைக் கேட்டாங்க. நான் எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னேன். நிஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு.

டெலிவரி அன்னிக்கு எங்க ஆபீஸ்ல உக்காந்து போன் போட்டாங்க. தங்கச்சிக்குப் பசங்க டியூஷன். வீட்டு ஓனருக்கு விருந்தாளி. கூட வேலை செய்யுற பொண்ணு அடுத்த வாரம் கண்டிப்பாங்கிறா. வாடிக்கையாளர் குடும்பத்தோட போட்டோ எடுத்து சுவத்துல மாட்டுறது எங்க கடை வழக்கம். அக்காவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மெக்கானிக் அண்ணனும் நின்னோம். கிளம்புறதுக்கு முன்னாடி அக்கா பக்கத்து சீட்டை முன்னாடி தள்ளித் தள்ளி டாஷ்போர்டை ஒட்ட வெச்சாங்க. "பின்னாடி யாராவது ஏறினா காலு இடிக்கக் கூடாதுல்ல." அப்புறம் தனியா ஓட்டிட்டுப் போனாங்க.

சில மாசம் கழிச்சு சர்வீசுக்கு வந்தாங்க. மெக்கானிக் அண்ணன் என்னைக் கூப்பிட்டாரு. அன்னிக்கு அவரு சிரிக்கல. "உள்ள பாரு"ன்னாரு.

பழைய வண்டியா இருந்தாலும் நாங்க புது சீட்கவர் போட்டு, மேல பிளாஸ்டிக் உறை மாட்டித்தான் குடுப்போம். டிரைவர் சீட்டுல உறை இல்ல. பின்சீட்டுல அப்படியே இருந்துச்சு, ஒரு மடிப்பு கசங்கல. முன்சீட்டு இன்னும் டாஷ்போர்டை ஒட்டி நிக்குது.

அக்கா வெளியில ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க, இடது முட்டியில வலிக்குப் போடுற பட்டை மாட்டியிருந்தாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல.

"என்னக்கா இது? ஒருத்தர் கூடவா வரல? தங்கச்சி எங்க? அந்த டாக்டர் எங்க?"

"அவங்களைக் குத்தம் சொல்லாதம்மா. எல்லார்கிட்டயும்தான் வண்டி இருக்கே. எல்லாம் நான் பாத்துக் குடுத்ததுதானே, ஒண்ணும் கெட்டுப்போகாம நல்லா ஓடுது. என் வண்டியில எதுக்கு வரணும்?" முட்டிப் பட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, "அந்த உறையை யாராவது வந்தாப் பிரிச்சுக்கலாம்னு விட்டேன்"ன்னு சொன்னாங்க.

நான் போய் பின்கதவைத் திறந்து அந்த பிளாஸ்டிக்கைப் பர்ருன்னு கிழிச்சேன். உருட்டிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு வந்து சட்டமா உக்காந்தேன். "எடுங்க வண்டியை. ஓட்டிப் பாக்கணும்ல, சர்வீஸ் ஒழுங்கா பண்ணாரான்னு."

ஓட்டினாங்க. கண்ணு ரோட்டுல இருந்ததை விட நடுக் கண்ணாடியிலதான் அதிகம் இருந்துச்சு. "அக்கா, ரோட்டைப் பாருங்க, நான் எங்கயும் ஓடிடலை"ன்னேன். "முட்டி இடிக்குதா?"ன்னாங்க. "இடிக்கலக்கா." "ஏசி?" "ஜில்லுன்னு இருக்கு." மார்க்கெட்டைச் சுத்தி வர்றதுக்குள்ள முதலாளி போன் பண்ணிட்டாரு, கஸ்டமர் காத்திருக்காங்கன்னு.

கடை வாசல்ல இறங்கினேன். அவங்க முன்சீட்டை மறுபடி ஒருதடவை தள்ளிப் பாத்துக்கிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. என் வீடு அடுத்த தெருதான், நடந்தாலே பொசுக்குன்னு போயிடலாம். இருந்தும் கேட்டேன்: "அக்கா, வேலை முடிஞ்சதும் என்னை வீட்டுல விடுறீங்களா?"

எத்தனை மணிக்கு, எங்கன்னு எதுவும் கேக்கல. "விடுறேம்மா, இங்கயே இருக்கேன்"ன்னாங்க.

அப்போ மத்தியானம்கூட ஆகல. நான் கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டே கண்ணாடி வழியாப் பாத்தேன். பஸ் ஸ்டாப் பக்கத்து நிழல்ல வண்டியை நிறுத்திட்டு, அக்கா உள்ளயே உக்காந்திருந்தாங்க. சாயங்காலம் கடை மூடுற வரைக்கும் அந்த வண்டி அங்கேயேதான் நின்னுச்சு.