மூன்றாவது பதில் வரவில்லை

போன சனிக்கிழமை காலை பல்லேபொலவிலிருந்து நசீராவின் அழைப்பு. மிளகும் ஏலமும் வளர்த்து, சுற்றுலா வருபவர்களுக்குத் தோட்டத்தைக் காட்டுகிறவர். முன்பதிவெல்லாம் இணையத்தளத்தில்தான்.

"அண்ணே, சைட்டுக்குள்ள ஒருத்தராலயும் போக முடியல்ல. அவ்வளவு கூட்டமாம்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தைய வாரம்தான் அவருடைய தோட்டத்தைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்? உடனே பஸ் ஏறினேன் — பாராட்டை நேரில் வாங்க!

போனால், நசீராவின் முகம் வாடியிருந்தது. சீசன் நேரம். பதிவுசெய்ய முடியாதவர்கள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். இணையத்தளத்தை அமைத்துக் கொடுத்த ஸ்டெல்லா, சாப்பாட்டு மேசையில் லெப்டொப்போடு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் என் வாசகர்கள்தானே?" என்றேன்.

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதுல ஆளே இல்லைங்க சேர்."

"அப்போ?"

"இணையத்துல தகவலைத் துண்டு துண்டா, நம்பர் போட்டு அனுப்புவாங்க. 'கிடைச்சது'ன்னு பதில் வரலைன்னா திரும்ப அனுப்புவாங்க. அதனாலதான் ஒண்ணும் தொலையிறதில்ல. ஆனா, அதுக்கு முன்னாடி மூணு பேச்சு நடக்கணும். 'வரலாமா?'ன்னு கேக்கணும். சைட்டை வச்சிருக்கிற கம்ப்யூட்டர், அதான் சர்வர், 'வாங்க'ன்னு சொல்லும். அவங்க 'சரி, வர்றேன்'னு சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"அதுதான் இப்ப நடக்குது. யாரோ தன் விலாசத்தைப் பொய்யாப் போட்டு 'வரலாமா?'ன்னு மட்டும் ஆயிரக்கணக்குல அனுப்புறாங்க. சர்வர் ஒவ்வொண்ணுக்கும் இடம் ஒதுக்கி வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்கு. உண்மையா வர்றவங்களுக்கு இடமில்ல."

"அல்லாஹ்வே… விலாசம் சரியான்னு பார்க்காதா?" என்றார் நசீரா.

"பார்க்காதுக்கா. இந்த முறையை உண்டாக்கின காலத்துல ஒருத்தரை ஒருத்தர் நம்பினாங்க."

என் பெருமை அந்த மேசையிலேயே அடங்கியது.

இதற்கு மருந்து உண்டாம். சர்வர் தன் பதிலில் ஒரு ரகசியக் கணக்கில் உருவான எண்ணை அனுப்பும். அந்த எண்ணைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறவருக்கு மட்டுமே இடம் ஒதுக்கும். பொய் விலாசக்காரருக்கு அந்தப் பதில் போய்ச் சேராதே!

"இதை முதல்லயே போட்டிருக்கணும். என் பிழைதான்க்கா" என்றபடியே ஸ்டெல்லா அதை லெப்டொப்பில் போட்டு முடித்தார்.

நசீரா கைகளைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். ஐந்து நிமிடம்… பத்து நிமிடம்… பிறகு, ஒரு வெளிநாட்டுத் தம்பதியின் பதிவு வந்து விழுந்தது. காலையிலிருந்து முயன்றார்களாம். அப்போதுதான் நசீரா கதிரையில் உட்கார்ந்தார்.

"யாரு அனுப்பினது, தங்கச்சி?"

"கண்டுபிடிக்கிறது கஷ்டம்க்கா."

நம்பகமான முறை என்றால், அனுப்பியது பத்திரமாகப் போய்ச் சேரும் என்றுதான் அர்த்தம் — அனுப்பியவர் நல்லவரா என்பதற்கு அது பொறுப்பல்ல!