நான்கு பாட்டில் நுணாச் சாயமும் எல்லைச் சாவடியும்

முதலில் மன்னித்துவிடுங்கள். பதினைந்து கிலோமீட்டர் போய் வந்ததை எல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் சாயத்தோடு காரைக்கால் எல்லையைத் தாண்டப் போகிறவர்களுக்கு இது உதவும்.

கோவில்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நூலுக்குச் செடிச் சாயம் ஏற்றுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் தறி வைத்திருக்கும் மல்லிகா அக்கா என் சிவப்பு நூலில் முதல் சேலையை நெய்துகொண்டிருக்கிறார். முந்தானைக்கு இரண்டு கழி நூல் குறைந்துவிட்டது. திங்கட்கிழமை காலை போன் செய்தார். "பன்னெண்டு மணி வரைக்கும் பாக்குறேன் பாப்பா. அதுக்கு மேல தறி சும்மா கெடந்தா எனக்குக் கட்டாது. மில்லு நூலப் போட்டு முடிச்சிருவேன்."

நெய்த துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி சாயம் ஏற்றினால்தான் நிறம் சேரும். அதனால் சாயம் பிடிப்பதற்காகக் கடுக்காயிலும் படிகாரத்திலும் ஊறவைத்த இரண்டு கழிகளை ஈரத்தோடு துணியில் சுற்றினேன். நுணா என்கிற மஞ்சணத்தி மரத்தின் வேர்ப்பட்டையை முந்தைய நாளே மூன்று மணி நேரம் காய்ச்சி, வடித்து வைத்திருந்தேன். பக்கத்து மனையைச் சமப்படுத்தியபோது கிடைத்த மரத்தின் வேர் அதோடு தீர்ந்தது. அந்தச் சாற்றை நான்கு காலி பிராந்தி பாட்டில்களில் ஊற்றினேன். இது எங்களுக்குச் சாதாரணம். நல்லெண்ணெய், பினாயில் எல்லாம் எங்கள் தெருவில் அந்தப் பாட்டில்களில்தான் இருக்கும்.

ஒன்பது பத்துக்குக் கிளம்பி, பேருந்து நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை. ஒன்பது நாற்பதுக்குத் தனியார் பேருந்து. டிக்கெட் இருபது ரூபாய். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. கோட்டுச்சேரியில் கூட்டம் ஏறியது. பூவம் தாண்டியதும், காரைக்காலின் மலிவு மது தமிழ்நாட்டுக்குள் போகாமல் தடுக்கும் சாவடியில் வண்டி நின்றது.

பெண் காவலர் ஒருவர் ஏறி நேராக என் பையைத் தொட்டார். பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"என்னம்மா இது?"

"சாயங்க மேடம்."

"சாயமா? கலரப் பாத்தாலே தெரியுதே என்ன சாயம்னு."

பின் சீட்டிலிருந்து ஒருவர், "படிச்ச புள்ள மாதிரி இருக்கு, தொழிலப் பாரேன்!" என்றார். பேருந்தே சிரித்தது. கண்டக்டர், "டைம் ஆச்சு, எறங்கும்மா" என்றார். இறங்கினேன். வண்டி போய்விட்டது. மணி பத்து இருபது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனால் நாலு பேர் பார்க்கும்போது எனக்கு நாக்கு புரளாது. இன்னொரு காவலர் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். "நாத்தம் வேற மாதிரி இருக்கு. கலப்படமா இருக்கும்" என்று தரையில் கவிழ்த்தார். முழுவதும் மண்ணுக்குள் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. மேசையில் மூன்று பாட்டில்கள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு வேறு வண்டிகளைப் பார்க்கப் போனார்கள். பத்து ஐம்பது. பதினொன்று.

முகர்ந்து பார்த்த காவலர் திரும்பி வந்து இரண்டாவது பாட்டிலின் மூடியில் கை வைத்தபோது, நானே அதைப் பிடுங்கினேன். ஒரு கழியை உருவி, பாட்டிலை அதன்மேல் ஊற்றினேன். வெளிர்மஞ்சளாக இருந்த நூல் திட்டுத் திட்டாகச் சிவந்தது. என் விரல்களும்தான்.

பெண் காவலர் நூலைத் தொட்டுப் பார்த்தார். "இத முதல்லயே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?" பிறகு தன் விரலைப் பார்த்து, "இது போவுமா?" என்றார்.

"ரெண்டு நாள் ஆவுங்க."

அவரே அடுத்த பேருந்தைக் கை காட்டி நிறுத்தினார்.

மல்லிகா அக்கா வீட்டு வாசலை மிதித்தபோது பதினொன்று ஐம்பது. திண்ணையில் மில் நூல் தயாராக இருந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்ததும் அவர் அதை ஒதுக்கி வைத்தார். மீதி இரண்டு பாட்டில் ஒரு கழிக்குத்தான் போதும். மெதுவாகச் சூடேற்றி, ஒன்றரை மணி நேரம் புரட்டிப் புரட்டிப் போட்டேன். பிழிந்து காயவைத்துக் கொடுத்ததும், அக்கா அதைத் துணியோடு சேர்த்துப் பிடித்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேருது" என்றார். திட்டுப் பிடித்த இன்னொரு கழியைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு என்ன பண்ணப்போற? வெள்ளிக்கிழம வரைக்கும் தாரேன். அவ்வளவுதான்."

போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். சாயத்தை மதுப் பாட்டிலில் எடுத்துப் போகாதீர்கள், வெள்ளைத் தண்ணீர்க் கேன் போதும். ஒரு வேர்த்துண்டையும் சாயமேறிய நூலையும் மேலாக வையுங்கள். சாவடிக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். கேட்டதும் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் இரண்டு பாட்டில் மிஞ்சியிருக்கும்.

அதனால் இப்போதாவது கேட்டுவிடுகிறேன். திட்டுப் பிடித்த கழிக்கு மறுபடி சாயம் ஏற்ற என்னிடம் வேர் இல்லை; இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். காரைக்கால் பக்கம் யாராவது மனைக்காக நுணா மரத்தைப் பிடுங்கியிருந்தால், வேரை எரித்துவிடாதீர்கள். விரல் கனமுள்ள வேர், கீறினால் உள்ளே மஞ்சளாக இருக்க வேண்டும்; படிகாரம் ஏறிய நூலில் பட்டால்தான் அது சிவக்கும். ஒரு பை போதும். கீழே ஒரு வரி எழுதுங்கள், கடப்பாரையோடு நானே வருகிறேன். இன்று செவ்வாய்.